கூட்டி 2 போதும்

வித்துரா
அக்டோபர் 15, புதன் காலை

ஜானவி,

உனக்கு இனி எழுதுவதில்லை என்று ஓணத்தோடு முடிவு செய்திருந்தேன். நல்ல முடிவுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலையிலிருந்து உன் போனுக்கு அடித்துப் பார்க்கிறேன், "ஹலோ" சொல்வதற்குள் கட்டாகிவிடுகிறது. பேச்சு நிற்கிற அளவுக்கு இங்கே சிக்னல் இல்லை. மெயிலில் கடிதமென்றால் சிக்னல் எட்டிப் பார்க்கிற ஒரு நொடியில் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். பழைய சண்டையைத் தூசி தட்ட அல்ல.

மலையில் மழை விடவேயில்லை. மேல்சோலை எஸ்டேட்டுக்குப் போகிற ரோடு நேற்று இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. திங்கட்கிழமை வழக்கம்போல டிஸ்பென்சரிக்கு ஏறிப் போன என் ஷெமி மேலே மாட்டிக்கொண்டாள். "வானம் சரியில்லை, இந்த வாரம் லீவு போடு" என்று சொன்னேன். நர்ஸுக்கு ஏது லீவு என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விஷயம் இதுதான். மேல்சோலையில் ஓடுகிற நம் 'பெருமழை' புரோகிராம் தப்பாக எண்ணுகிறது. மழைமானிக்குள் இருக்கிற சின்னக் கிண்ணம் நிறைந்து சாயும்போதெல்லாம் அதை எண்ணி, ஒரு பகல் ஒரு இரவு பெய்ததைக் கூட்டி, இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் சைரனை அடிக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை. இதற்காகத்தான் காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் இதை எழுத ஆரம்பித்தோம். என் கடை மொட்டைமாடியில் இருக்கிற மானி இருநூறைத் தாண்டி வெகுநேரமாகிறது. மலையில் இதைவிட அதிகம்தான் பெய்யும். ஆனால் மேல்சோலை அனுப்புகிற கணக்கு முப்பத்தொன்று என்கிறது.

எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைன் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஷெமியைப் பிடித்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு பாக்டரி மாடிக்குப் போ என்றேன். "சைரன் அடிக்காம மானேஜர் மாடியத் தொறக்க மாட்டாரு, கேட்டியளா? அடிச்சு எறங்குனா அரைக்கூலி உண்டு. அடிக்காம எறங்குனா ஆப்சென்ட். பின்னே லயத்துலேந்து யாரு வருவா?" என்றாள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிகளுக்காக யூனியனும் மானேஜரும் உட்கார்ந்து போட்ட ஏற்பாடு அது. சைரனை நம்பி ஒரு எஸ்டேட்டே ஒப்பந்தம் போட்டது என்று நாம்தான் அன்றைக்குத் தலைகால் தெரியாமல் குதித்தோம்.

ஆகஸ்டில் நீ வெளியிட்ட புதுப் பதிப்புக்குப் பிறகு வருகிற முதல் பெருமழை இது. அதற்கு முன்னால் அந்த மெஷின் ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணியதில்லை. என்ன செய்தாய் என்று பார்.

விஜின்

*

கரமனை
அக்டோபர் 15, புதன் மாலை

விஜின்,

ஷெமி பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

"என்ன செய்தாய்" என்று கேட்கிறாய். நீ செய்யச் சொன்னதைத்தான் செய்தேன். ஞாபகமில்லையென்றால் சொல்கிறேன். நம் பெருமழை தனியாக நிற்கவில்லை. கூட்டல் வேலையை 'கூட்டி' என்கிற, யாரோ எழுதிப் பொதுவில் விட்ட இன்னொரு புரோகிராம்தான் செய்கிறது. "கூட்டி 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்" என்று நம் பெருமழையில் ஒரு வரி இருக்கிறது. ஆகஸ்டில் அதை 3 ஆக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கூடாது என்று நீ நின்றாய். மேல்சோலை மெஷின் பழசு, அதில் கூட்டி 3 ஏறாது, தையில் மழை ஓய்ந்த பிறகு புது மெஷினை நானே முதுகில் சுமந்துகொண்டு ஏறுவேன், அதுவரை எண்ணைத் தொடாதே என்றாய்.

ஒரே ஒரு எஸ்டேட்டுக்காக ஊர் உலகத்தையே நிறுத்தி வைக்கிறாய் என்று நான் எழுதினேன். உண்மைதானே? அதற்கு நீ, "கரமனை அக்ரஹாரத்து மாடியிலிருந்து பார்த்தால் மலை சின்னதாகத்தான் தெரியும்" என்று எழுதினாய். அதையும் இங்கிலீஷில், பொதுவில், முகம் தெரியாத எத்தனையோ பேர் படிக்கிற இடத்தில். படித்தவர்களில் என் ஆபீஸ் ஆட்களும் உண்டு. மறுநாள் கழக்கூட்டம் ஆபீஸ் லிஃப்டில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மாடியிலிருந்து வருகிறாயா என்று கேட்காத குறைதான்.

சரி, எக்கேடோ கெட்டுப் போ என்று எண்ணை விட்டுவிட்டேன். உன் இஷ்டப்படி 2 என்றே இருக்கிறது. நீதான் அதற்கும் பிறகு "விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனாய்.

இப்போது உன் குறைக்கு வருகிறேன். பரிசோதனை எல்லாவற்றையும் இன்று மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை, ஒரு இடத்தில்கூட பிசகில்லை. இந்த மழையில் மானியின் வாயை இலை அடைத்திருக்கும். போன வருஷ ஐப்பசியில் துலாவர்ஷம் பெய்தபோதும் இதேதான் நடந்தது. யாரையாவது அனுப்பி இலையை எடுக்கச் சொல்.

ஜானவி

*

வித்துரா
அக்டோபர் 16, வியாழன் காலை

ஜானவி,

இலை இல்லை.

நேற்று உன் கடிதம் வந்தவுடனே ஷெமியிடம் சொன்னேன். அவள் வேலப்பன் அண்ணனிடம் சொன்னாள். உனக்கு அவரைத் தெரியும். மானியை நட்டபோது, "எடோ எஞ்சினியரே, இது எங்க ஊரு மழையத் தாங்குமா?" என்று உன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தாரே, பாக்டரி பாய்லர்காரர், அவர்தான். மேல் லயத்துக்குப் பின்னால் மானி இருக்கிற மேட்டுக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். இறங்கிவந்து, "இலையும் இல்ல, குப்பையும் இல்ல சிஸ்டர், வாய் சுத்தமாட்டு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ஷெமி அதை எனக்குச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே கிண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு தடவை போய்த் தட்டிப் பார்க்கச் சொல் என்றேன். உன் பச்சையை நம்பினேன்.

இரண்டாவது தடவை ஏறியவர் இறங்கவில்லை. மேடு சரிந்து லயத்துப் பின்சுவர் வரைக்கும் வந்துவிட்டது. மானி மட்டும் சரிவுக்கு இந்தப் பக்கம் தப்பி நிற்கிறதாம். அவரைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். உயிரில்லை. இதைச் சொன்ன பிறகு லேண்ட்லைனும் செத்துவிட்டது.

அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன டிஸ்பென்சரி கட்டில்லதான் கெடத்தியிருக்கு. மானேஜர் சொல்லுதாரு, இது மேடு சரிஞ்சதுதான், சைரன் அடிக்கலியே, பயப்பட ஒண்ணும் இல்லன்னு. நீங்க அந்த சைரன அடிக்க வைங்க. எப்படியாவது அடிக்க வைங்க." டிஸ்பென்சரி லயங்களுக்கு நேர் கீழே இருக்கிறது. மெஷினும் சைரனும் அந்தக் கட்டிடத்தில்தான், கையால் அடிக்க நாம் அதில் வழி வைக்கவில்லை. லயங்களுக்கு மேலே மண் மட்டும்தான் இருக்கிறது, ஜானவி.

நடந்தே ஏறிவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். ஆறு பாலத்துக்கு மேலே ஓடுகிறது. போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பேரிடர் மீட்புக்காரர்களிடம் சொல்லியாயிற்று, கயிறு போட்டுத்தான் ஏற வேண்டும், நாளைக்கு முன்னால் முடியாது என்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். மேல்சோலைக் கணக்கு ஏறுகிறது, திடீரென்று பூஜ்யமாகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி பூஜ்யம். மழை வலுக்கிற நேரமாகப் பார்த்து இது நடக்கிறது. ஏன் என்று என் தலைக்குள் எட்டவில்லை. தூங்கி நாளாகிறது.

அந்த மெஷினை நாம் கூப்பிட முடியாது. அதுதான் காலையில் ஒரு தடவை நம்மைக் கூப்பிட்டு, புதுப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்கும். இன்றைக்குக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி கேட்கும், அதற்கு உயிர் இருந்தால். அப்போது அதன் கையில் கொடுக்க ஏதாவது எழுது. கணக்கு, கூட்டல் ஒன்றும் வேண்டாம். எடுத்தவுடனே சைரனை அடி என்று ஒரே ஒரு வரி எழுதி வெளியிடு. நான் உன்னைப் பற்றி எழுதியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். பொதுவிலேயே கேட்கிறேன், இங்கிலீஷிலேயே கேட்கிறேன். என் ஷெமியை இறக்கிக் கொடு.

விஜின்

*

கரமனை
அக்டோபர் 16, வியாழன் மதியம்

விஜின்,

வேலப்பன் அண்ணனைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். எழுத ஆரம்பித்தால் என் கை நின்றுவிடும். இலை என்று சொன்னது நான்.

ஆபீஸுக்குப் போகவில்லை. பரணிலிருந்து என் காலேஜ் காலத்து லேப்டாப்பை இறக்கி, அதில் கூட்டி 2-ஐப் போட்டு, அதன்மேல் ஆகஸ்ட் பெருமழையை ஓட்டினேன். ஆகஸ்டிலிருந்து இதை யாருமே செய்து பார்க்கவில்லை. நான் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. நம் பரிசோதனை மெஷின் ஒவ்வொரு தடவையும் எது ஆகப் புதிதோ அதைத்தான் இறக்கிப் போட்டுக்கொள்ளும். அதில் எப்போதும் கூட்டி 3-தான் இருந்தது. அந்தப் பச்சையைத்தான் உனக்கு நேற்றுப் பெருமையாக எழுதி அனுப்பினேன்.

நீ பார்த்த பூஜ்யத்தை நானும் பார்த்தேன். மானியிலிருந்து வருகிற வயர் மழையில் நனைந்து நடுநடுவே விட்டுவிட்டு வரும். விட்ட இடத்திலிருந்து கூட்டலைத் தொடர வேண்டும் என்று நாம் முன்பு சொந்தமாக ஒரு துண்டு எழுதி வைத்திருந்தோம். கூட்டி 3 அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் ஆகஸ்டில் நம் துண்டை நான் நீக்கினேன். எண்ணை 3 ஆக்கச் சொன்னதே அதற்காகத்தான். நீ எண்ணுக்காக மல்லுக்கட்டினாய், நான் கோபத்தில் எண்ணை மட்டும் விட்டுக்கொடுத்தேன். நீக்கிய துண்டைத் திரும்ப வைக்கவில்லை. கூட்டி 2-க்குத் தொடரத் தெரியாது. வயர் விட்டு வந்தால் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். மழை வலுக்க வலுக்க வயர் அதிகமாக விடும், கணக்கு குறையும்.

கூட்டி 2 போதும் என்று எழுதி வைத்தோம். போதவில்லை, விஜின்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரோ சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது. ஆகஸ்டில் எண்ணை உயர்த்தியிருந்தால் மேல்சோலை மெஷின் புதுப் பதிப்பை எடுத்திருக்கவே எடுத்திருக்காது. "எனக்கு இது சேராது" என்று ஜூன் மாதப் பழைய பதிப்பிலேயே இருந்திருக்கும். அது சரியாக எண்ணியது. செவ்வாய்க்கிழமையே சைரன் அடித்திருக்கும்.

இப்போது உயர்த்தினால் பிரயோஜனமில்லை. உயர்த்தினால் அது இந்தத் தப்பான பதிப்பிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் நேர் எதிராகச் செய்திருக்கிறேன். நீக்கிய துண்டைத் திரும்ப வைத்து, "கூட்டி 2 இருந்தால் மட்டும் எடுத்துக்கொள், 3 இருந்தால் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். பழைய மெஷின் மட்டும் இதை எடுக்கும்.

சைரனைச் சும்மா அடிக்கச் சொன்னாய். எழுதியும் பார்த்தேன். ஆனால் கூட்டி 2 வைத்துக்கொண்டு வேறு எங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வெயில் காய்கிற ஊரில் அடித்தால் அடுத்த தடவை அங்கே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அடிக்கச் சொல்லவும் வேண்டாம். சாய்ந்த சாய்வையெல்லாம் மெஷின் எழுதித்தான் வைத்திருக்கிறது. கூட்டல் சரியானால் அந்த நொடியே அதுவாக அடிக்கும். என்னை நம்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், அடித்தது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "என்னடி சத்தம் இது, குலை நடுங்கறதே!" என்றாள்.

ஒரு தடை இருக்கிறது. ஒரு கையெழுத்தில் எதுவும் வெளியே போகக் கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்று விதி வைத்தது நீதான். மூன்றாவது ஆளான ஸ்ரீநிவாஸ் விமானத்தில் இருக்கிறான், நாளை மதியம்தான் இறங்குவான். நீ விலகுகிறேன் என்று எழுதினாயே தவிர, உன் கையெழுத்து உரிமையை நான் எடுக்கவில்லை. எடுக்கத்தான் போனேன். கை வரவில்லை.

படித்துப் பார். சரியென்றால் போடு. நீ போட்டவுடனே நானும் போட்டு வெளியிடுகிறேன்.

ஜானவி

*

வித்துரா
அக்டோபர் 16, வியாழன் மாலை

ஜானவி,

சர்ச்சுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது. என் சிநேகிதன் பிரபின் தன் ஜீப்பை மேட்டடி வரை கொண்டுவந்து நிறுத்தி, அதன் பாட்டரியில் என் லேப்டாப்பைச் செருகிக் கொடுத்தான். நீ எழுதியது முழுதும் அதில் இறங்கிச் சேர்வதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். துண்டு சரியாக இருக்கிறது. ஆனால் நீ "கூட்டி 2.0 மட்டும்" என்று எழுதியிருக்கிறாய். மேல்சோலையில் இருப்பது 2.1. நான்தான் போன தையில் ஏற்றினேன், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். இப்படியே போயிருந்தால் காலையில் அது கேட்டுவிட்டு, எனக்கு இல்லை போலிருக்கிறது என்று போயிருக்கும். நாம் இரண்டு பேரும் சைரனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

3-க்குக் கீழே எதுவானாலும் எடுத்துக்கொள்ளும்படி திருத்திவிட்டு என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். திருத்தியதால் நீ மறுபடி படித்துப் போட வேண்டும். போட்டாயா இல்லையா என்று எனக்கு எழுதி நேரத்தை வீணாக்காதே, போடு.

செவ்வாய்க்கிழமையே அடித்திருக்கும் என்று எழுதினாயே, அதை நான் ஒரு தடவைதான் படித்தேன். இன்னொரு தடவை படிக்கத் தைரியம் இல்லை. மலைக்காரர்களை விட்டுவிடக் கூடாது என்று கத்தினேன், உலகத்துக்கே கேட்கும்படி கத்தினேன். கத்தியதற்குக் கைதட்டினவர்களும் உண்டு. உள்ளே வைத்திருந்தால் போதும், அவர்களுக்கு அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. மேல்சோலை வாசலில் "பெருமழை இங்கே காவல் காக்கிறது" என்று போர்டு எழுதி மாட்டியது நான். வேலப்பன் அண்ணன்தான் ஏணி பிடித்தார்.

இங்கே எல்லோரும் ஜெபிக்கச் சொல்கிறார்கள். ஷெமியின் அப்பா பாறசாலையிலிருந்து வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "மக்களே, அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று என்னையே கேட்கிறார். ஆகாது மாமா என்று சொல்கிறேன். எனக்கு எதுவும் தெரியாது. அந்த மெஷினின் சோலார் பாட்டரி இத்தனை நாள் வெயில் இல்லாமல் எப்படி நிற்கும் என்றுகூடத் தெரியாது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

விஜின்

*

கரமனை
அக்டோபர் 17, வெள்ளி காலை

விஜின்,

நேற்றே போட்டுவிட்டேன். வெளியிட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு மேல்சோலை கேட்டது, எடுத்துக்கொண்டது. கணக்கு நாற்பத்து நான்கிலிருந்து ஒரே தாவலில் முன்னூற்றெண்பத்தெட்டுக்குப் போனது. "சைரன் அடிக்கிறது" என்று ஒரு வரி வந்தது. நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் அதே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

பிறகு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மேல்சோலையிலிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. பாட்டரி தீர்ந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. உன் போனும் அடிக்கவில்லை. டிவியில் ஏதோ சொல்கிறார்கள், எஸ்டேட் பெயரைச் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு வார்த்தை போதும். இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

ஜானவி

*

வித்துரா
அக்டோபர் 19, ஞாயிறு

ஜானவி,

இருக்கிறாள்.

நேற்று மாலை கயிறு கட்டி இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் அட்டைக்கடி. இன்று மதியம் கஞ்சி குடித்த பிறகு நான் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். அவள் சொன்னதை எழுதுகிறேன்.

சைரன் அடித்தபோது லயத்தில் பாதிப் பேர் வேலப்பன் அண்ணனை எடுக்க டிஸ்பென்சரி முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். மழையில் குழி வெட்ட முடியாமல் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். சத்தம் தலைக்கு மேலேயே கேட்டிருக்கிறது. அவர் மனைவி, "இவர உட்டுட்டா போறது?" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். ஷெமி அவர் கையைப் பிரித்து, இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். மானேஜரே ஓடிவந்து மாடியைத் திறந்தார். தேயிலை காயப்போடுகிற தட்டுகளுக்கு நடுவே எல்லாரும் ஏறி நின்றார்கள். பாக்டரியில் நின்று பார்த்தால் மூடுபனியில் ஒன்றும் தெரியாது, சைரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "நடுவுல நின்னு போச்சு. அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது, டிஸ்பென்சரி போச்சுன்னு" என்றாள்.

மேல் லயம் இல்லை. கீழ் லயம் இல்லை. டிஸ்பென்சரியும் வேலப்பன் அண்ணனும் மண்ணுக்குள்ளே. உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் மாடியில் இருந்தார்கள். அவர்களை இங்கே ஸ்கூலில் தங்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே மறுபடி போக முடியவில்லை. ஒரு தடவை போனபோது வேலப்பன் அண்ணன் மனைவி லீலாபாய் அக்கா என் கையைப் பிடித்து, "உங்க சைரன்தான் எங்களைக் காப்பாத்திச்சு" என்றார். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை மேட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். ஷெமிக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இனி நீ எண்ணை உயர்த்திக்கொள்ளலாம். உன்னை நிறுத்தி வைத்த அந்த ஒரே ஒரு மெஷின் போய்விட்டது. என் கையெழுத்தையும் எடுத்துவிடு. குத்திக் காட்ட எழுதவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு இது போதும்.

விஜின்

*

கரமனை
அக்டோபர் 20, திங்கள்

விஜின்,

உன் கடிதத்தின் முதல் வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை வாசிக்க முடியவில்லை. லீலாபாய் அக்காவிடம் நீ தனியாகப் போகாதே. இலை என்று முதலில் சொன்னவள் நான், நானும் வருகிறேன். பஸ் வித்துரா வரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டேன்.

எண்ணை உயர்த்தத்தான் நேற்று உட்கார்ந்தேன். 2-ஐ அழித்து 3 என்று எழுதியும்விட்டேன். அனுப்புவதற்கு முன்னால், வியாழக்கிழமைப் பதிப்பை யாராவது எடுத்திருக்கிறார்களா என்று சும்மா பார்த்தேன். மேல்சோலை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இன்னும் நான்கு மெஷின்கள் எடுத்திருக்கின்றன.

யாருடையவை என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டது மட்டும்தான் நமக்குத் தெரியும், ஊரும் பேரும் தெரியாது. ஆகஸ்டில் நாம் அடித்துக்கொண்டபோது இவர்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாதவர்களாக இருக்கலாம். இப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாமல், போர்டை நம்பிப் படுத்துக்கொண்டிருந்தவர்களாக இருக்கலாம். ஒரே ஒரு எஸ்டேட் என்று நான் எழுதினேன், ஒரே ஒரு மெஷின் என்று நீயும் எழுதுகிறாய். இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த நான்கும் ஆகஸ்டிலிருந்து பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று மட்டும் தன் கணக்கை நமக்கு அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள். இன்று விடிந்ததிலிருந்து அதன் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. சற்றுமுன் இருநூறைத் தாண்டியது. "சைரன் அடிக்கிறது" என்று வந்திருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியாது, விஜின். யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்றும் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜானவி

*

வித்துரா
அக்டோபர் 20, திங்கள்

ஜானவி,

இன்னும் அடிக்கிறதா? அங்கே ஏறி நிற்க ஒரு மாடி இருக்கிறதா? திறக்க ஆள் இருக்கிறதா?

எண்ணைத் தொடாதே. என் கையெழுத்தையும் எடுக்காதே. ஷெமி உன் கடிதத்தை என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "யாராக்கும் அவுங்க? கண்டுபிடிங்க" என்கிறாள். வந்ததிலிருந்து அவளாகவே என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ரப்பர் தோட்டத்து மேட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே போய் நின்றதும் எழுதுகிறேன், சைரன் ஓய்ந்துவிட்டால் உடனே சொல்.

விஜின்